எடையைக் குறைத்தாலும் மறுபடி ஏறிவிடுகிறதே, வாயைக் கட்டத் தெரியாததுதான் காரணமா?

கேள்வி கேட்டவர் எட்டு மாதம் டயட் இருந்து 9 கிலோ குறைத்தாராம். அடுத்த வருடமே 10 கிலோ ஏறிவிட்டதாம். வீட்டில் எல்லோரும் "உனக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை" என்கிறார்களாம்.

என் வீட்டிலும் இதே பாட்டுதான். 91 கிலோவிலிருந்து 78 வரை இறங்கினேன். கடைசி மாதங்களில் ராத்திரி 11 மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து, நின்றபடியே தயிர்சாதத்தை வழித்துச் சாப்பிட்டிருக்கிறேன். நான்கு இட்லி உள்ளே போய் இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. "பகலெல்லாம் பட்டினி, ராத்திரியில் திருட்டுத்தீனியா?" என்றார் அம்மா. அந்த ரோஷத்தில்தான் இதைப் படிக்க ஆரம்பித்தேன்.

பசியை வயிற்றோடு சேர்த்தே பேசிப் பழகிவிட்டோம். கணக்கு எழுதப்படும் இடம் மூளையின் அடியில் இருக்கிறது. ஒரு பாதாம்பருப்பு அளவுதான், பெயர் ஹைப்போதலாமஸ். 1940இல் ஹெதரிங்டன், ரான்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எலிகளுக்கு அதன் நடு-அடிப் பகுதியைச் சிதைத்தார்கள். எலிகள் ஊதிப் பெருத்தன. 1951இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆனந்தும் ப்ரோபெக்கும் அதன் பக்கவாட்டுப் பகுதியைச் சிதைத்தபோது, எலிகள் தீனி முன்னால் இருந்தும் தொடவே இல்லை. இந்த ஆனந்த் நம் நாட்டுக்காரர், பின்னாளில் டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையை உருவாக்கிய பி.கே. ஆனந்த்.

சரி, உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று அந்த இடத்துக்கு யார் போய்ச் சொல்வது? எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான். அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் இரண்டு வகைக் குண்டு எலிகள் இருந்தன. ஓபி என்று ஒன்று, டிபி என்று ஒன்று. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி உருண்டைகள். டக்ளஸ் கோல்மன் என்பவர் இரண்டிரண்டு எலிகளைப் பக்கவாட்டில் ஒட்டித் தைத்து, ஒன்றின் ரத்தம் மற்றதில் கலக்கும்படி செய்தார். டிபி எலியோடு சாதாரண எலியை இணைத்தால், சாதாரண எலி சாப்பிடாமல் கிடந்தே செத்தது. டிபியோடு ஓபியை இணைத்தால், ஓபி பட்டினி கிடந்து செத்தது, டிபி அப்படியே குண்டாக இருந்தது. ஓபியோடு சாதாரண எலியை இணைத்தால், ஓபி தீனியைக் குறைத்து மெலிந்தது.

அவர் போட்ட கணக்கு: ரத்தத்தில் 'போதும்' என்று சொல்லும் ஏதோ ஒன்று ஓடுகிறது. ஓபிக்கு அதைச் சுரக்கத் தெரியாது. டிபி ஏராளமாகச் சுரக்கிறது, ஆனால் அதன் காதில் அது விழுவதில்லை. அந்த 'ஏதோ ஒன்று' எது என்று தெரிய 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்த அந்த ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயர். அதைச் சுரப்பது கொழுப்புத் திசுவேதான்! கொழுப்பை வெறும் மூட்டை என்று நினைத்திருந்த எனக்கு இது புதுசு.

மனிதர்களிலும் லெப்டினே சுரக்காத பிள்ளைகள் அபூர்வமாக உண்டு. இங்கிலாந்தில் 9 வயதிலேயே 94 கிலோ இருந்த ஒரு சிறுமிக்கு லெப்டின் ஊசி போட்டார்கள். பசி அடங்கி, ஓராண்டில் சுமார் 16 கிலோ குறைந்தது. அந்தப் பிள்ளையிடம் போய் 'வாயைக் கட்டு' என்று யார் சொல்வது?

நம் கதை வேறு. நமக்கு லெப்டின் சுரக்கிறது. எடை அதிகமுள்ளவர்களுக்குப் பெரும்பாலும் தாராளமாகவே சுரக்கிறது. அதனால் ஊசி போட்டும் பெரிய பலன் இல்லை. ஆனால் கொழுப்பு கரையக் கரைய லெப்டினும் இறங்கும். ஹைப்போதலாமஸ் அதைப் பஞ்சம் வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் நியூரான்கள் விழித்துக்கொள்ளும், 'போதும்' சொல்லும் நியூரான்கள் அடங்கும். உடம்பு கலோரி செலவழிப்பதையும் ஹைப்போதலாமஸ் இழுத்துப் பிடிக்கும், தைராய்டுக்குப் போகும் கட்டளையைக்கூடக் குறைத்துவிடும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தார்கள். பெரும்பாலோருக்கு எடை கணிசமாகத் திரும்பியிருந்தது. அப்படியும் ஓய்வில் அவர்கள் உடம்பு எரித்தது, அந்த உடல்வாகுக்கு எதிர்பார்ப்பதைவிடத் தினம் சுமார் 500 கலோரி குறைவு. தட்டில் வைத்துப் பார்த்தால் ஒரு வேளைச் சாப்பாடு அது.

இப்போது பரபரப்பாகப் பேசப்படும் செமாக்ளுடைட் என்ற எடைக்குறைப்பு ஊசியும் மூளையின் இந்தப் பசிப் பாதைகளில்தான் கை வைக்கிறது. நிறுத்தினால்? ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாக ஓர் ஆய்வு காட்டியது.

அதனால் கேட்டவருக்கு நான் சொல்வது, அந்த 10 கிலோவுக்குக் குற்றவாளிக் கூண்டில் ஏறாதீர்கள். அடுத்த முறை மெதுவாக, பசி தாங்கும் அளவில் குறைத்துப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். இப்போது 83 கிலோ. ராத்திரி ஃபிரிட்ஜ் பக்கம் போவதும் குறைந்திருக்கிறது. தான் திட்டியதால் வந்த பலன் அது என்கிறார் அம்மா.