தம்பியின் மாத்திரை 'பழக்கமாகிவிடும்' என்ற அச்சம் குறித்து

மனச்சிதைவு நோய்க்காக உங்கள் தம்பி 6 மாதங்களாக எடுத்துவரும் மாத்திரையை, அவர் தெளிந்துவிட்டார் என்பதற்காகவோ, தொடர்ந்தால் அதற்கு அடிமையாகிவிடுவார் என்று உறவினர்கள் சொல்வதற்காகவோ இப்போது நிறுத்தக் கூடாது. இந்நோய்க்குத் தரப்படும் ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்ற மருந்துகள் போதை தருவதில்லை. மேலும் மேலும் வேண்டும் என்ற ஏக்கத்தையும் உண்டாக்குவதில்லை.

அடிமையாக்கிவிடும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் ஒரு குழப்பத்தில் பிறக்கிறது. மருந்தை நிறுத்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ காதில் குரல்கள் மீண்டும் கேட்கத் தொடங்கும்போது, வீட்டார் அதை "மாத்திரை இல்லாமல் இருக்க முடியவில்லை" என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் திரும்பி வந்தது நோய்தான். (தைராய்டு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவரை எவரும் அடிமை என்பதில்லை.) முதல்முறை நோய் கண்டவருக்கு, குணம் தெரிந்த பின்னும் 1 முதல் 2 ஆண்டுகள் வரையாவது மருந்தைத் தொடரச் சொல்வதே வழக்கம்.

மருந்துச்சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பதற்றத்தைத் தணிக்கவும் தூக்கத்துக்கும் தரப்படும் குளோனசெபாம், லோராசெபாம் என்ற பெயர்களில் ஏதேனும் இருந்தால், உறவினர்களின் அச்சத்தில் ஓரளவு நியாயம் உண்டு. அவை நாள்படப் பழக்கமாகக்கூடியவை. ஆனால் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதால், மருத்துவர்தான் அவற்றைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் ஒளித்துவைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். விருந்தினர் கண்ணில் படாமலிருக்க அது உதவலாம். ஆனால் அவசரத்தில் தம்பியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்பவருக்கு அது என்ன மருந்தென்றே தெரியாது. குறைந்தபட்சம் மருந்தின் பெயர் தெரியும்படி மாத்திரை அட்டையைக் கிழிக்காமல் வையுங்கள்.

கை நடுக்கமோ எடை கூடுவதோ தெரிந்தால் அதை மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ அவர் மாற்றித் தர இயலும்.