1776-க்கும் 1789-க்கும் இடையில் என்ன நடந்தது?

வணக்கம். 1776-இல் சுதந்திரம் பெற்ற அமெரிக்காவுக்கு 1789 வரை ஏன் அதிபரே இல்லை என்று உங்கள் மகள் கேட்டதாகவும், பதில் சொல்ல முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். மிக நல்ல கேள்வி. பாடநூல்கள் தாவிப் போகும் இடம் இது.

1776 ஜூலை 4 சுதந்திரம் கிடைத்த நாள் அல்ல, அறிவித்த நாள். போர் தொடர்ந்தது. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது. பின்னாளில் திப்பு சுல்தானோடு போரிட்ட அதே கார்ன்வாலிஸ்தான். 1783 பாரிஸ் உடன்படிக்கையில்தான் பிரிட்டன் சுதந்திரத்தை ஏற்றது.

மன்னராட்சியில் சூடுபட்ட 13 மாநிலங்களும் மத்தியில் வலுவான அதிகாரத்தை விரும்பவில்லை. 1781-இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகளில் (நாட்டின் முதல் அரசியலமைப்பு) அதிபர் பதவியே கிடையாது. மாநிலப் பிரதிநிதிகளின் அவையான காங்கிரஸுக்கு வரி விதிக்கும் உரிமையும் இல்லை. மாநிலங்களிடம் கையேந்த வேண்டும். இறக்குமதிக்கு 5 சதவீத வரி கேட்டபோது ரோட் ஐலண்ட் மறுத்தது. விதிகளைத் திருத்த எல்லா மாநிலங்களும் இசைய வேண்டும் என்பதால் திட்டம் வீழ்ந்தது.

1786-இல் மாசசூசெட்ஸில் கடனாலும் வரியாலும் நொந்த உழவர்கள் டேனியல் ஷேஸ் போன்றோர் தலைமையில் நீதிமன்றங்களை மறித்தார்கள். அவர்களில் பலர் சுதந்திரப் போரில் போரிட்டவர்கள்! இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. காங்கிரஸால் படை அனுப்ப இயலவில்லை. பாஸ்டன் வணிகர்களின் பணத்தில்தான் மாநிலம் படை திரட்டியது.

அந்த அதிர்ச்சியும் சேர்ந்துதான் 1787-இல் பிலடெல்பியாவில் அரசியலமைப்பை எழுத வைத்தது. அது நடைமுறைக்கு வர ஒன்பது மாநிலங்களின் ஒப்புதல் தேவை; 1788 ஜூனில் ஒன்பதாவது மாநிலம் ஒப்புதல் தந்தது. 1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் வாஷிங்டன் முதல் அதிபராகப் பதவியேற்றார்.

மகளிடம் 1776 அறிவிப்பு, 1783 அங்கீகாரம், 1789 அரசு என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லுங்கள், குழப்பம் தீரும்.