ரத்தப் பரிசோதனை: எதை, எப்போது, எத்தனை முறை?

கேள்வி: ‘80 டெஸ்ட், ஒரே பேக்கேஜ்’ என்று வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். ரிப்போர்ட்டில் நாலு அளவுகள் தடித்த எழுத்தில் வந்திருக்கின்றன. வயது 42, தொந்தரவு எதுவும் இல்லை. எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டுமா?
– ஈரோடு வாசகர்

பதில்: 80 பார்த்ததில் நாலுதான் தாண்டியது என்றால் ஆச்சரியமே இல்லை. ஆரோக்கியமானவர்கள் பலரைச் சோதித்து, நடுவே வரும் 95 சதவீதத்தினரின் அளவைத்தான் பெரும்பாலும் ‘நார்மல்’ என்று அச்சிடுகிறார்கள். மீதி ஐந்து பேர் நோயே இல்லாமல் கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால், ஒன்றாவது கோடு தாண்ட 64 சதவீதம் வாய்ப்பு உண்டு.

அந்த 80-ம் கொஞ்சம் வீங்கிய கணக்குதான். ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி என்ற ஒரே சோதனையின் வரிகளைத் தனித்தனியாக எண்ணினாலே இருபதைத் தொடும். கொலஸ்ட்ரால் விகிதங்கள் வெறும் வகுத்தல்.

எந்த நாலு என்று நீங்கள் எழுதவில்லை. பொட்டாசியம் மட்டும் ஏறியிருந்தால், எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்திருக்கலாம். சிரிஞ்சில் வேகமாக உறிஞ்சினாலோ, குழாய் லேபுக்குத் தாமதமாகப் போனாலோ இப்படி ஆகும். அதை மட்டும் உடனே மறுபடி எடுங்கள். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால், தைராய்டு நிலையைச் சொல்லும் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்து காட்டலாம். இரண்டு நாளாவது நிறுத்திவிட்டுப் பாருங்கள். சிஇஏ என்ற ‘கேன்சர் டெஸ்ட்’ சேர்ந்திருந்தால், அது நோய் உள்ளவருக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்கானது. புகைபிடித்தாலே கூடும். தொந்தரவில்லாதவருக்கு அதைப் பார்ப்பது காசைக் கொடுத்துக் கவலையை வாங்குவது.

உங்கள் வயதில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் இந்த மூன்றும் அவசியம். அழுத்தம், சர்க்கரை இரண்டையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

கேள்வி: அம்மாவுக்கு மாதாமாதம் எச்பிஏ1சி எடுக்கிறோம். தைராய்டு மாத்திரை அளவை மாற்றி 15 நாளில் டிஎஸ்எச் பார்த்தோம், குறையவே இல்லை. ஏன்?
– தஞ்சாவூர் வாசகி

பதில்: சீக்கிரம் பார்த்துவிட்டீர்கள், அவ்வளவுதான். மாத்திரையின் புது அளவு உடலில் நிலைபெற்று டிஎஸ்எச் அடங்க 6 முதல் 8 வாரம் ஆகும். 15-ம் நாள் ரிப்போர்ட்டை நம்பி அளவைக் கூட்டினால், இரண்டு மாதத்தில் படபடப்பு வந்து நிற்கும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் 4 வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள்.

எச்பிஏ1சி, சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையின் கணக்கு. அந்த அணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், இது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைத்தான் காட்டும்; மாதாமாதம் எடுக்கத் தேவையில்லை. சிகிச்சையை மாற்றியிருந்தால் 3 மாதத்துக்கு ஒருமுறை, சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் 6 மாதத்துக்கு ஒருமுறை போதும். அம்மாவுக்கு இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே விடால் பாசிட்டிவ். டைபாய்டுதானா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: அதை வைத்துச் சொல்ல முடியாது. விடால் தேடும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் தெரியவே ஒரு வாரம் பிடிக்கும். பழைய டைபாய்டோ தடுப்பூசியோகூட பாசிட்டிவ் காட்டும். சந்தேகம் இருந்தால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் பிளட் கல்ச்சருக்கு (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரத்தம் கொடுங்கள், பெரியவர்களுக்கு 8-10 மில்லி. டெங்குவுக்கும் நாள் கணக்கு உண்டு: முதல் 5 நாளில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1, அதற்குப் பிறகு எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம். இரண்டாம் நாளில் ஐஜிஎம் நெகட்டிவ் என்று வந்தால் நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள்.