பாகம் விக்கணும்னா சிஎம்டிஏவ கேக்கணுமா? பத்திர எழுத்தர்கிட்ட கேளுங்க

வணக்கம். சென்னைப் பக்கம் சார்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல 26 வருஷமா பத்திரம் எழுதுறேன். பாகம் (சொத்துல ஒருத்தரோட பங்கு), யூடிஎஸ் (பிளாட் நிக்கிற நிலத்துல பிரிக்காத பங்கு), சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), மனை அப்ரூவல் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன். மூலப்பத்திரம் பாக்காம அட்வான்ஸ் குடுத்துட்டு வந்து கேக்குறவங்களுக்கு மட்டும் திட்டு விழும்.

குரோம்பேட்டை தம்பி: அண்ணே, அப்பா உயில் எழுதாம இறந்துட்டார். அம்மாவும் இல்ல, நாங்க மூணு பேர். என் பங்கை வெளியாளுக்கு விக்கணும், அண்ணன் கையெழுத்து போடமாட்டேங்குறார். சிஎம்டிஏல என்ஓசி (ஆட்சேபனை இல்லைச் சான்று) வாங்கிட்டா அவர் கையெழுத்து தேவையில்லன்னு புரோக்கர் சொல்றார், நெசமா?

அந்த புரோக்கர மாத்துங்க தம்பி. சிஎம்டிஏக்கும் உங்க அண்ணன் தம்பி பாகத்துக்கும் சம்பந்தமே இல்ல. அவங்க பாக்குறது நிலத்தை எதுக்கு பயன்படுத்தலாம், லேஅவுட் சரியா, கட்டடம் பிளான்படி இருக்கா, அவ்ளோதான். யாருக்கு எத்தனை பங்குங்கறது வாரிசுச் சட்டம், அதுல தகராறுன்னா கோர்ட்டு.

பிரிக்காத மூணுல ஒரு பாகத்தை நீங்க மட்டும் கையெழுத்து போட்டு விக்கலாம், சொத்து மாற்றுச் சட்டம் 44ஆம் பிரிவு அதுக்கு இடம் குடுக்குது. ஆனா அதே பிரிவுதான் குடும்பம் இருக்குற வீட்ல பங்கு வாங்குன வெளியாள் உள்ள வந்து கூட குடியிருக்க முடியாதுன்னும் சொல்லுது. அவர் பாகப்பிரிவினை கேஸ் போடணும், போட்டா 1893 பார்ட்டிஷன் சட்டம் 4ஆம் பிரிவுல உங்க அண்ணன் கோர்ட்டு போடுற விலைக்கு அந்தப் பங்கை தானே வாங்கிக்கறேன்னு கேக்கலாம். அதுக்கு முன்னாடியே இந்து வாரிசுச் சட்டம் 22ல, விக்கிறதா இருந்தா எனக்குத்தான் முதல்ல குடுக்கணும்னு கூடப்பொறந்தவங்க உரிமை கேக்க முடியும். இத்தனை வம்பு இருக்குறதாலதான் வெளியாள் பாதி விலைக்கு கேப்பான்.

அண்ணனுக்கே விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்குடுக்குற பத்திரம்) எழுதிக்குடுத்துட்டு காசு வாங்குறது எவ்ளோ மேல். குடும்பத்துக்குள்ளன்னா முத்திரைத்தீர்வை 1 சதவீதம், 2023 ஜூலைக்கு அப்புறம் அதிகபட்சம் 40,000. வெளியாளுக்கு கிரயம்னா முத்திரை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். நீங்களே கணக்கு போடுங்க.

மணலி அக்கா: ஐயா, மணலி புதுநகர்ல அப்பா பேர்ல சிஎம்டிஏ ஒதுக்குன மனை. ஒதுக்கீட்டு ஆணை மட்டும் இருக்கு, கிரயப்பத்திரம் வாங்கல. அப்பா போயிட்டார். தங்கச்சி தன் பங்கை விக்கணும்ங்குறா.

அம்மா, இன்னைக்கு சிஎம்டிஏ பேரு சரியா வந்த கேள்வி உங்களுதுதான். இங்க அவங்க வெறும் அப்ரூவல் ஆபீஸ் இல்ல, உங்களுக்கு வித்தவங்களே அவங்கதான். மறைமலைநகர்லயும் இதே கதைதான். கிரயம் ஆகாத வரைக்கும் உங்க கையில இருக்குறது வெறும் ஒதுக்கீடு, முழு உரிமை இல்ல, அதனால தங்கச்சி விக்க அங்க பங்குன்னு ஒண்ணும் இன்னும் வரல. முதல்ல இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வெச்சு பேர் மாத்துங்க, பாக்கித் தொகை இருந்தா கட்டுங்க, எல்லா வாரிசு பேர்லயும் கிரயப்பத்திரம் வாங்குங்க, பங்கெல்லாம் அதுக்கப்புறம். ஒதுக்கீட்டு ஆணைய நம்பி எவனாவது பவர் (உங்களுக்குப் பதிலா கையெழுத்து போடுற அதிகாரம்) எழுதிக்கேட்டா குடுத்துடாதீங்க. பவர்ங்கறது கிரயம் இல்ல.

போரூர் ஐடி: சார், பாகம் விக்க சிஎம்டிஏ என்ஓசி வேணுமா?

மேல ரெண்டு பதிலையும் படிங்க.

அண்ணாநகர் பிளாட்: பழைய பிளாட், யூடிஎஸ் 410 சதுரடி. விக்கும்போது சிஎம்டிஏல ஏதாவது வாங்கணுமா?

விக்கிறதுக்கு வேணாம். ஆனா வாங்குறவர் பேங்க் லோனுக்கு போனா பிளான் பர்மிட் கேப்பாங்க, எடுத்து வெச்சுக்கோங்க. ஒரு வேலை பண்ணுங்க, எல்லா பிளாட் பத்திரத்துலயும் இருக்குற யூடிஎஸ்ஸ கூட்டிப் பாருங்க. ஒரு கிரவுண்டுன்னா 2400 சதுரடி தாண்டக்கூடாது. பிளான்ல ஆறு வீடு, கட்டுனது ஏழுன்னு வெச்சு ஏழாவதுக்கும் பில்டர் யூடிஎஸ் எழுதி வித்தத நான் பாத்திருக்கேன், கூட்டுனா 2800 வந்துச்சு. சிஎம்டிஏ பிளான் சுத்தமா இருந்துச்சு, பத்திரந்தான் பொய். புது பிளாட்டுன்னா 2023 டிசம்பர்லேர்ந்து நிலம், கட்டடம் சேத்து கூட்டு மதிப்புல பதியற முறை வந்துருச்சு, இது பழசுங்கறதால உங்களுக்கு அந்தக் கவலை இல்ல.

திருவள்ளூர் வியாபாரி: அண்ணே, அப்ரூவல் இல்லாத மனைய பாதி பாதியா விக்க முடியலன்னு ஊர்பூரா அழுவுறாங்க. 'பிரிபடாத பாகம்'னு எழுதிட்டா பதிவு ஆகிடுது, நான் நாலு பத்திரம் போட்டிருக்கேன். இத ஏன் சொல்ல மாட்டேங்குறீங்க?

சொன்னா ஜனங்க மாட்டிக்குவாங்கன்னுதான். பதிவுச் சட்டம் 22ஏ என்ன சொல்லுது, அப்ரூவல் இல்லாத மனைய பதியக்கூடாது, ஆனா அதே மனை முன்னாடியே மனையா பதிவாகி இருந்தா தடை இல்ல. 'அதே மனை'ங்கறதுதான் சூட்சுமம். 2400 சதுரடிய முழுசா வித்தா அதே மனை, எல்லை போட்டு 1200 கிழிச்சா அது புது மனை, உட்பிரிவு அப்ரூவல் கேப்பாங்க. நீங்க எல்லை போடாம எழுதுறீங்க, அதான் சில ஆபீஸ்ல நகருது.

திருவள்ளூர் வியாபாரி: அப்ப சட்டப்படி சரிதானே? பதிவு ஆச்சுன்னா முடிஞ்சது.

எங்க முடிஞ்சது? வாங்குனவன் வீடு கட்ட பிளான் போடுவான், எந்தப் பாதிலன்னு கேப்பாங்க. வரன்முறைக்கு (அப்ரூவல் இல்லாத மனைய முறைப்படுத்துற திட்டம்) போவான், முழு மனைக்கும் எல்லாரும் கையெழுத்து போடணும், பக்கத்துப் பாதிக்காரன் துபாய்ல இருப்பான். பேங்க்காரன் திரும்பியே பாக்கமாட்டான்.

திருவள்ளூர் வியாபாரி: ரெண்டு பேரும் பேசி வேலி போட்டுக்குவாங்க அண்ணே, எங்க பக்கம் எல்லாம் அப்படித்தான். கிராமத்துல எவன் பிளான் வாங்குறான்.

வேலி போட்டது வாய்ப்பேச்சு. ரெண்டாவது தலைமுறை வந்தா வெட்டுக்குத்து. நீங்க கமிஷன் வாங்கிட்டு போயிடுவீங்க, பத்து வருஷம் கழிச்சு என் டேபிளுக்குத்தான் வர்றாங்க.

பெரியபாளையம்: வியாபாரி சொல்றமாதிரி நானும் 2019ல 3 சென்ட் வாங்கிட்டேன் சார், ஒரு ஏக்கர்ல 30 பேருக்கு பாகம் எழுதுனாங்க. இப்ப என்ன பண்றது?

வியாபாரி, இதோ ஒருத்தர் வந்துட்டார் பாருங்க, பதில் சொல்லுங்க.

பெரியபாளையம் சார், வரன்முறைத் திட்டமே 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி உருவான மனைகளுக்குத்தான். உங்களுது அதுக்கப்புறம், அதுவும் மனையாவே பிரிக்கல. 30 பேரும் சேந்து முறையா லேஅவுட் அப்ரூவலுக்கு போகணும், ரோட்டுக்கு இடம் விட்டா உங்க 3 சென்ட் குறையும். சிவில் வக்கீல பாருங்க, இது பத்திர எழுத்தர் வேலை தாண்டிப் போச்சு.

திருவள்ளூர் வியாபாரி: நான் அந்த ஏக்கர விக்கல.

சரி.

மதுரை மைந்தன்: எங்க ஊருக்கும் சிஎம்டிஏ என்ஓசி தானா?

தம்பி, சிஎம்டிஏ சென்னைக்கு. உங்களுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்). பாகத்துக்கு ரெண்டு பேருமே என்ஓசி தரமாட்டாங்க, கேட்டா சிரிப்பாங்க.

வேளச்சேரி ராணி: பங்கு வித்த காசுக்கு டாக்ஸ்?

ஆடிட்டர்.

ஆவடி: சார் பாகத்துக்கு என்ஓசி…

ஆவடி சார், காலைலேர்ந்து நாலாவது ஆள் நீங்க. இல்ல. வேணாம். ஈசிய (வில்லங்கச் சான்று) போட்டுப் பாருங்க, மூலப்பத்திரத்த எடுத்துட்டு வாங்க. மூணு மணிக்கு எனக்கு ஒரு கட்சிக்காரர் டோக்கன் இருக்கு, மிச்சத்த ராத்திரி பாக்குறேன்.