நாலு சிபியு, நாலு நேரம்: விஎம்முக்குள் கடிகாரம் ஏன் பின்னால் போகிறது?

கேள்வி: தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். எடைமேடை மென்பொருள் நாலு விசிபியு (மெய்நிகர் சிபியு) கொண்ட லினக்ஸ் விஎம்மில் (சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய கணினி) ஓடுகிறது. கீழே இருப்பது இரண்டு பிராசஸர் பொருத்திய பழைய சர்வர், விஎம்மை ஓட்டுவது கேவிஎம். லோரி ஏறி நின்றதும் தராசு அனுப்பும் அளவுகளுக்கு இடையிலான நேரத்தை மென்பொருள் கணக்கிடும். சில சமயம் அது மைனஸ் 2, மைனஸ் 3 மில்லிசெகண்ட் என்று வருகிறது. உடனே ‘எடை நிலையாகவில்லை’ என்று டிக்கெட் நின்றுவிடுகிறது. குரோனி போட்டுப் பார்த்தேன், சரியாகவில்லை. முன்பிருந்த கான்ட்ராக்டர் விஎம்மின் பூட் வரியில் (தொடங்கும்போது லினக்ஸுக்குக் கொடுக்கும் கட்டளைகள்) ‘கிளாக்சோர்ஸ்=டிஎஸ்சி’, ‘டிஎஸ்சி=ரிலையபிள்’ என்று இரண்டு சேர்த்திருக்கிறார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா அண்ணா?

பதில்: உண்டு தம்பி. அந்த இரண்டு சொற்கள்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

முதலில் குரோனியை விட்டுவிடுங்கள். ‘இப்போது மணி என்ன?’ என்று வெளியே உள்ள நேர சர்வரிடம் கேட்டு, உங்கள் கணினியைத் திருத்துவது அதன் வேலை. உங்கள் சிக்கல் ஒரே கணினிக்குள் இருக்கும் நாலு சிபியுவும் ஒரே நேரத்தைச் சொல்கின்றனவா என்பது. தோட்டத்து ஆட்கள் காலையில் கூடும் பெரட்டுக்களத்தில் நாலு மண்டோர்கள் (மேற்பார்வையாளர்கள்) தங்கள் தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஆள் வந்த நேரத்தை எழுதினால் என்ன ஆகும்? பின்னால் வந்தவர் முன்னால் வந்தவராகப் பதிவாகிவிடுவார். ஒவ்வொரு கடிகாரமும் ஒழுங்காக ஓடினாலும் இந்தக் குழப்பம் வரும்.

சிபியுவின் கைக்கடிகாரம் டிஎஸ்சி என்ற எண்ணி. 1993-இல் வந்த பென்டியம் காலத்திலிருந்து இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் எண்ணினால் ஒரு மில்லிசெகண்டில் 24 லட்சம் கூடும். பழைய சில்லுகளில் சிபியு வேகம் குறைந்தால் எண்ணும் வேகமும் குறையும். பிறகு வந்தவற்றில் வேகம் நிலையாகிவிட்டது. ஆனால் எல்லாச் சிபியுவும் ஒரே வேகத்தில் எண்ணுவது வேறு, ஒரே எண்ணில் நிற்பது வேறு. இரண்டு பிராசஸர் உள்ள பழைய சர்வரில் இரண்டின் எண்ணிகளும் வெவ்வேறு இடத்திலிருந்து தொடங்கியிருக்கலாம்.

விஎம் வந்தால் சங்கதி இன்னும் மோசம். விசிபியு என்பது ஹோஸ்டின், அதாவது கீழே இருக்கும் சர்வரின், பார்வையில் ஒரு திரெட்தான் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலை). இந்த நொடி முதல் பிராசஸரில் ஓடும், அடுத்த நொடி இரண்டாவதில். உள்ளே இருக்கும் லினக்ஸுக்கு இந்த இடமாற்றம் தெரியவே தெரியாது. ‘கிளாக்சோர்ஸ்=டிஎஸ்சி’ என்றால் நேரத்துக்கு இந்த எண்ணியையே பயன்படுத்து என்று பொருள். ‘டிஎஸ்சி=ரிலையபிள்’ என்று எழுதியதும், பூட் ஆகும்போது எண்ணிகளைச் சரிபார்ப்பதையும் ஓடும்போது கண்காணிப்பதையும் லினக்ஸின் மையமான கெர்னல் நிறுத்திவிடும். கான்ட்ராக்டர் வேகத்துக்காகச் செய்திருப்பார். ஹெச்பெட், ஏசிபிஐ டைமர் போன்ற மற்றக் கடிகாரங்களை விஎம்முக்குள்ளிருந்து படித்தால் ஒவ்வொரு தடவையும் ஹோஸ்டுக்குப் போய்த் திரும்ப வேண்டும், அது மெதுவானது. அவர் எண்ணம் தப்பில்லை, எடுத்த மருந்துதான் தப்பு.

சரியான மருந்து கேவிஎம்-கிளாக், அதாவது கேவிஎம் தன் விஎம்களுக்குத் தரும் கடிகாரம். இது வேலை செய்யும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு விசிபியுவுக்கும் ஹோஸ்ட் நினைவகத்தில் ஒரு சிறு பக்கம் எழுதி வைக்கிறது: இந்த எண்ணி இவ்வளவில் நின்றபோது நேரம் இவ்வளவு, அதற்கு மேல் எண்ணுவதை இந்த எண்ணால் பெருக்கிக் கூட்டிக்கொள். கூடவே ஒரு பதிப்பு எண். ஹோஸ்ட் எழுதிக்கொண்டிருக்கும்போது அது ஒற்றைப்படையாக இருக்கும். படிப்பவர் அதைக் கண்டால் மறுபடி படிப்பார். எல்லா எண்ணிகளும் ஒத்துப்போகின்றன என்று ஹோஸ்டுக்கு உறுதியானால் ‘நிலையானது’ என்று ஒரு பிட்டைப் போடும். அப்போது படிப்பது நேரடி டிஎஸ்சிக்குக் கிட்டத்தட்ட சமமான வேகம். அந்த பிட் இல்லையென்றால், கடைசியாகச் சொன்ன நேரத்தை விஎம் ஒரு பொது இடத்தில் குறித்து வைக்கும். எந்த விசிபியுவின் கணக்கு அதைவிடக் குறைவாக வந்தாலும், குறித்து வைத்த நேரத்தையே சொல்லும். எல்லாரும் ஒரே நோட்டில் எழுதுவதால் கொஞ்சம் நெரிசல் உண்டு, ஆனால் நேரம் பின்னால் போகாது. எடைமேடைக்கு அதுதானே முக்கியம்.

ஆகவே விஎம்மின் பூட் வரியிலிருந்து அந்த இரண்டையும் நீக்கி ரீபூட் செய்யுங்கள். சிஸ் (/sys) அடைவில் கிளாக்சோர்ஸ் பகுதியில் இப்போது எது நடப்பில் இருக்கிறது என்று பாருங்கள், கேவிஎம்-கிளாக் என்று வர வேண்டும். அப்புறம் ஹோஸ்டில் டிமெஸ்ஜி (கெர்னலின் செய்திப் பதிவு) பாருங்கள். டிஎஸ்சி நிலையில்லை என்று கெர்னல் சொல்லி ஹெச்பெட்டுக்கு மாறியிருந்தால், அதை அப்படியே விடுங்கள். தயவுசெய்து ஹோஸ்டில் கட்டாயப்படுத்தாதீர்கள். முடிந்தால் நாலு விசிபியுவையும் ஒரே பிராசஸரின் கோர்களில் பொருத்திவிடுங்கள். நினைவகமும் அருகிலேயே இருக்கும்.

மென்பொருள் தயாரித்தவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். புரோகிராம் டிஎஸ்சியை நேரடியாகப் படிக்கிறதா? படித்தால் கேவிஎம்-கிளாக் அதைக் காப்பாற்றாது, மாற்றச் சொல்லுங்கள். கால இடைவெளிக்குச் சுவர்க்கடிகார நேரத்தைப் பயன்படுத்துகிறதா? அப்படியென்றால் மோனோடானிக் கடிகாரத்துக்கு (முன்னோக்கி மட்டுமே ஓட வேண்டிய கடிகாரம்) மாற்றச் சொல்லுங்கள். 1981 டிசம்பர் 31 இரவு 11.30-க்குத் தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை 12 மணிக்குத் தள்ளிவைத்தார்கள். அன்று இரவு 10-இலிருந்து காலை 6 வரை வேலை பார்த்தவர், கடிகாரப்படி எட்டு மணி நேரம், உண்மையில் ஏழரை. குரோனி நேரத்தை ஒரேயடியாகத் தள்ளும்போது உங்கள் கணக்குக்கும் இதேதான் நடக்கும். மோனோடானிக் அந்தத் தள்ளலைக் கண்டுகொள்ளாது. ஆனால் அதுவும் கெர்னல் தேர்ந்தெடுத்த அதே எண்ணியைத்தான் படிக்கிறது, பூட் வரியைத் திருத்தாமல் இதை மட்டும் மாற்றிப் பயனில்லை. அளவுகளின் வரிசைக்கு நேரத்தையே நம்பாமல் தொடர் எண் போடச் சொல்லுங்கள்.

திருத்தியபின் ஒரு சோதனை. விசிபியுவுக்கு ஒரு திரெட் வீதம் நாலு ஓட விடுங்கள். ஒரு பூட்டு (லாக்), ஒரு பொது மாறி. பூட்டைப் பிடித்தவர் நேரம் படித்து, முன்னவர் எழுதியதோடு ஒப்பிட்டு, தன்னுடையதை எழுதிவிட்டு விட வேண்டும். குறைவாக வந்தால் எந்த விசிபியு, எவ்வளவு குறைவு என்று பதியட்டும். மதியத்துக்குமேல் லோரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரத்தில் ஓட்டுங்கள், ஹோஸ்டில் அப்போதுதான் இடமாற்றம் அதிகம். ஒரு தடவை பின்னால் போனாலும் அந்தப் பதிவையும் ஹோஸ்டின் டிமெஸ்ஜியையும் அனுப்பி வையுங்கள், சேர்ந்து பார்ப்போம்.