வாசகர் கேள்வி பதில்: பளபளக்குற 1907 பிஸ்டலை நம்பி வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவுல இருக்கேன், பழைய ராணுவத் துப்பாக்கி சேக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ஒரு ஏல கேட்லாக்ல சாவேஜ் கம்பெனியோட 1907 மாடல் பாயிண்ட் 45 (குண்டோட விட்டம் சுமார் 0.45 அங்குலம்) பிஸ்டல் வந்திருக்கு, "அபூர்வ ஆன்டிக், ராணுவ ட்ரையல் பிஸ்டல்"னு போட்டிருக்காங்க. கருநீல பாலிஷ் புதுசு மாதிரி மின்னுது. ஆன்டிக்தானே, பேப்பர் ஒண்ணும் வேணாம்னு விக்கிறவர் சொல்றார். வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீங்க. முதல்ல அந்த ஆன்டிக்ங்கற வார்த்தையைப் பாப்போம். அமெரிக்க மத்திய சட்டத்துல 1898 வரைக்கும் செஞ்சதுதான் ஆன்டிக், 1907ல வந்த பிஸ்டல் அதுல சேரவே சேராது. இது 50 வருஷம் தாண்டின "க்யூரியோ அண்ட் ரெலிக்" வகை, அதாவது சேகரிப்புக்கான பழைய துப்பாக்கி. அதைச் சேக்குறவங்களுக்குன்னு இருக்குற லைசென்ஸ் உங்ககிட்ட இருந்தா வேற மாநிலத்துலருந்தும் நேரா வாங்கலாம், இல்லைன்னா லைசென்ஸ் உள்ள டீலர் வழியாத்தான் கைக்கு வரணும், உங்க மாநிலச் சட்டம் என்ன சொல்லுதுன்னு தனியா பாத்துக்கணும். பேப்பர் வேணாம்னு சொன்ன ஆள்கிட்ட மத்த விஷயத்தையும் ரெண்டு தடவ கேட்டுக்கோங்க.

ஆனா அந்த பிஸ்டல் நிஜமாவே பெரிய கதை உள்ள சாமான், அதையும் சொல்லணும். பிலிப்பைன்ஸ் சண்டையில பாயிண்ட் 38 ரிவால்வர் குண்டு பட்டும் எதிரி நிக்காம ஓடி வர்றான்னு அமெரிக்க சிப்பாய்ங்க புகார் பண்ணாங்க, 1904ல தாம்சன், லகார்ட்னு ரெண்டு அதிகாரிங்க சோதனை பண்ணி குறைஞ்சது பாயிண்ட் 45 வேணும்னு சொன்னாங்க, அப்புறம் 1907ல ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரிங்கற அரசு ஆயுதத் தொழிற்சாலையில போட்டி. கோல்ட் (Colt), சாவேஜ், ஜெர்மன் லூகர்னு மூணு பிஸ்டலும் தேறி நின்னுச்சு. படையில கொடுத்துப் பாக்க ஆளுக்கு 200 ஆர்டர், லூகர் கம்பெனி பின்வாங்கிடுச்சு, மத்த ரெண்டும் குதிரைப்படைக்குப் போச்சு. கடைசியில 1911 மார்ச்ல 6,000 ரவுண்டு சுட்டாங்க, கோல்ட் ஒரு தடவைகூட மக்கர் பண்ணல, சாவேஜ் 37 தடவ. அந்த மார்ச் 29ஆம் தேதியே கோல்ட் தேர்வாகி 1911ங்கற பேர்ல உலகம் பூரா தெரிஞ்ச பிஸ்டல் ஆயிடுச்சு. உங்க கேட்லாக்ல இருக்குறது 1911 சோதனையில தோத்த சாவேஜ் இல்ல, அதுக்கு முந்தி குதிரைப்படைக்குப் போன மாடல், அதான் எனக்கும் அது மேல ஒரு தனிப் பிரியம்.

இப்ப அந்த பளபளப்புக்கு வருவோம். ட்ரையல் முடிஞ்சதும் ராணுவம் அதெல்லாத்தையும் வித்துடுச்சு, பெரும்பாலானதை சாவேஜ் கம்பெனியே திருப்பி வாங்கி பாலிஷ் போட்டு பொதுமக்களுக்கு வித்தது. அதனால ஜொலிக்குற பிஸ்டல் கம்பெனி கையால அப்போ மெருகேறினதாவும் இருக்கலாம், போன வருஷம் யாரோ பட்டறையில தேச்சதாவும் இருக்கலாம், ரெண்டுக்கும் விலை ஒண்ணு இல்ல. நேர்ல போய் லைட்டை சாய்ச்சுப் பிடிச்சு லென்ஸ்ல பாருங்க. எழுத்து, நம்பர் ஓரமெல்லாம் விளிம்பு கூர்மையா இருக்கணும். பஃப் வீல்ல (பாலிஷ் போடுற சுழல் சக்கரம்) தேச்சிருந்தா எழுத்து கரைஞ்ச சோப்புல பதிச்ச மாதிரி மழுங்கி இருக்கும், பாகங்களைக் கோத்துப் பிடிக்குற சின்ன ஊசிங்க போற ஓட்டை சுத்தி லேசா குழி விழுந்திருக்கும், பாலிஷுக்கு அடியில பழைய துருப் புள்ளி தெரியும். நான் கையில வச்சுப் பாத்த ஒண்ணுல பக்கவாட்டு தகடு கண்ணாடி மாதிரி இருந்துச்சு, ஆனா ஓரமெல்லாம் உருண்டிருந்துச்சு, பாத்ததும் மனசே உடஞ்சு போச்சு. நிறம் மங்கி, பிடி தேஞ்சு, எழுத்து கூர்மையா இருந்தா நான் அதைத்தான் எடுப்பேன்.

கேள்வி: அப்போ அந்த லூகர் பாயிண்ட் 45 கிடைச்சா?

பதில்: கிடைச்சா முதல்ல போலின்னுதான் நினைங்க. ஜார்ஜ் லூகர் தானே 1907 ட்ரையலுக்குக் கொண்டு வந்தது, விரல் விட்டு எண்ணிடலாம். அதுல ஒண்ணு 2010ல ஏலத்துல 4,94,500 டாலருக்குப் போச்சு. அவ்வளவு காசு இருக்குற இடத்துக்கு போலி பண்றவன் கண்டிப்பா வருவான், அதனால யார் யார் கை மாறி வந்துச்சுன்னு காட்டுற பேப்பர் முழுசா இல்லாம தொடாதீங்க.

கேள்வி: வாங்கின பிறகு ஒரு தடவையாவது சுட்டுப் பாக்கலாமா?

பதில்: வேணாம். ஸ்பிரிங் உடைஞ்சாலோ சின்ன பாகம் தெறிச்சாலோ பதில் பாகம் கடையில கிடைக்காது. ஒரிஜினல் மேகசின் (குண்டு அடுக்கிப் போடுற கூடு) அதுலயே இருக்கான்னு மட்டும் வாங்குறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க, அது இல்லாம வந்தா தேடி அலையணும்.