பின் அறையில் அம்மா

கேள்வி: வெள்ளிதோறும் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். அடுத்த கூட்டத்தில் ‘உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக’ என்ற கட்டளையைப் பற்றி நான் பேச வேண்டும். ‘கனம்பண்ணு’ என்பதற்கு எபிரெயச் சொல் என்ன? கீழ்ப்படி என்றுதான் அர்த்தமா? அம்மா என்னோடுதான் இருக்கிறார். மறதி அதிகம், சொன்னதையே சொல்வார். வருகிறவர்களுக்குச் சங்கடம் என்பதால் கூட்ட நேரத்தில் மட்டும் பின் அறையில் இருக்க வைப்போம்.

பதில்: யாத்திராகமம் 20:12-ல் வரும் சொல் ‘கப்பேத்’. அதன் வேருக்குப் பாரம் என்று பொருள். ‘காவேத்’ என்றால் கனமானது, ‘காவோத்’ என்றால் மகிமை. எடைக்கும் மரியாதைக்கும் தமிழிலும் ‘கனம்’ இருப்பதால் நம் பைபிளில் அது அழகாகப் பொருந்தியிருக்கிறது. கீழ்ப்படிவதற்கு எபிரெயத்தில் பொதுவாக வருவது ‘ஷாமா’, அதாவது செவிகொடுப்பது. இந்தக் கட்டளையில் அந்தச் சொல் இல்லை.

சரி, சொல் முடிந்தது. ‘வருகிறவர்களுக்குச் சங்கடம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருவோம். கூட்டமும் சத்தமும் அம்மாவுக்குத் தொந்தரவு என்றால் நான் வாயே திறக்க மாட்டேன். நீங்கள் அப்படி எழுதவில்லை தம்பி. பாய் விரித்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்களின் முகத்துக்காக, பெற்றவளைக் கதவுக்குப் பின்னால் வைக்கிறீர்கள். அப்புறம் அதே கூடத்தில் நின்று அவரைக் கனம்பண்ணுவது எப்படி என்று பேசப் போகிறீர்கள்! மறதிக்கு டாக்டரிடம் காட்டினீர்களா? அதைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

கனத்துக்கு எதிர்ப்பதம் எபிரெயத்தில் ‘கலல்’, லேசாக்குவது. எசேக்கியேல் 22:7-ல் எருசலேமின் பாவங்களைத் தீர்க்கதரிசி அடுக்கும்போது, தாய் தகப்பனை அற்பமாய் எண்ணினார்கள் என்று வருவது இந்த வேரிலிருந்துதான். அடித்தார்கள், துரத்தினார்கள் என்றுகூட அங்கே இல்லை. லேசாக நினைத்தார்கள், அவ்வளவுதான்.

யாத்திராகமம் 17:12-ஐயும் எடுத்துப் பாருங்கள். அமலேக்கியரோடு யுத்தம் நடக்கும்போது மோசே உயர்த்திப் பிடித்திருந்த கைகள் அசந்துபோயின என்று நாம் படிக்கும் இடத்தில், கைகள் கனத்துப்போயின என்றுதான் எபிரெயம் சொல்கிறது. அதே வேர். அவரோடு இருந்த ஆரோனும் ஊர் என்பவரும் என்ன செய்தார்கள்? கல்லைக் கொண்டுவந்து அந்த வயதானவரை உட்கார வைத்து, ஆளுக்கொரு பக்கம் நின்று, சூரியன் மறையும் வரை கைகளைத் தாங்கினார்கள். முதுமையின் பாரத்தைப் பிள்ளைகள் சுமக்கத்தான் வேண்டும், எனக்கு இதில் இரண்டாம் பேச்சு இல்லை.

யூதர்களின் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத்தில், கித்துஷின் என்ற பகுதியில், ரபீக்கள் என்னும் யூதப் போதகர்கள் இந்தக் கட்டளையைச் செயலாகவே பிரித்துவிட்டார்கள். உண்ணவும் குடிக்கவும் கொடுப்பது, உடுத்திவிடுவது, போர்த்திவிடுவது, உள்ளே அழைத்து வருவது, வெளியே கூட்டிப்போவது. முதலில் சொன்னவற்றை நீங்கள் செய்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். உள்ளே அழைத்து வருவது எங்கே போயிற்று?

உங்கள் பேச்சைத் தள்ளி வையுங்கள். இந்த வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூடத்துக்கு அழைத்து வந்து உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டால் நாலு தடவையும் பதில் சொல்லுங்கள். யாராவது முகம் சுளித்தால், அடுத்த கூட்டத்தை அவர் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.